128 போதுமா? கேசட் கச்சேரி, சினிமாப் பாட்டு ஃபைல்களின் அளவைக் குறைப்பது பற்றி

முதுநகர்வாசி — 3 பிப்ரவரி 2025, இரவு 9:40

கடலூர் முதுநகர். கையில் ரெண்டு குவியல் இருக்கு. ஒண்ணு, கோயில் கச்சேரி கேசட்டிலிருந்து எடுத்த வேவ் ஃபைல்கள், சுமார் 300 மணி நேரம், 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ. முக்கால்வாசி நாதஸ்வரம் தவில், மிச்சம் வாய்ப்பாட்டும் சொற்பொழிவும். இன்னொண்ணு 2500 சினிமாப் பாட்டு, எல்லாம் எம்பி3 320. ஹார்டு டிஸ்கில் இடம் இல்லை. போனில் 40 ஜிபி காலி. காருக்கு 32 ஜிபி பென் டிரைவ்.

எல்லாத்தையும் 128 எம்பி3 ஆக்கிட்டு மூலத்தை அழிச்சிடலாம்னு இருக்கேன். 128க்கு மேல் காதுக்கு வித்தியாசம் தெரியாதுங்கிறாங்க. சரியா?

நெல்லித்தோப்பு — 3 பிப்ரவரி, இரவு 10:15

அழிக்காதீங்க. முதலில் கணக்கு, அப்புறம் காது.

கேபிபிஎஸ் (வினாடிக்கு எத்தனை கிலோபிட்; நீங்கள் சொல்லும் 128, 320 எல்லாம் இதுதான்) எண்ணை வினாடியால் பெருக்கி 8ஆல் வகுத்தால் கிலோபைட். இது தெரிந்தால் எந்த மென்பொருளையும் கேட்க வேண்டியதில்லை. 24/96 ஸ்டீரியோ 4608 கேபிபிஎஸ், மணிக்கு 2 ஜிபிக்குச் சற்று மேல். 300 மணிக்கு 620 ஜிபி சொச்சம். சிடி தரம், அதாவது 16 பிட் 44.1 கிலோஹெர்ட்ஸ், 1411 கேபிபிஎஸ். மணிக்கு 635 மெகாபைட், 300 மணிக்கு 190 ஜிபி. 128ஐத் தொடாமலே 430 ஜிபி மிச்சம்.

இதில் இசை எதுவும் போகாது. சாதாரண ஃபெரிக் கேசட்டில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பாட்டு என்று சொல்ல ஒன்றும் மிஞ்சுவதில்லை, 44.1 வைத்தாலே 20 வரை பிடிக்கும். பிட்டும் அப்படித்தான். கேசட்டின் இரைச்சல் உச்ச ஒலியிலிருந்து 50, 60 டெசிபல் கீழே உட்கார்ந்திருக்கும். 16 பிட்டுக்கு 96 டெசிபல் இடம் உண்டு. 24 பிட்டின் கடைசி 8 பிட்டில் நீங்கள் சேமித்து வைத்திருப்பது டேப்பின் 'ஸ்ஸ்' மட்டும்தான். 8 × 96000 × 2 சானல் = 1536 கேபிபிஎஸ். ஒரு முழு சிடிக்கு ஆவதை விட அதிகம், வெறும் இரைச்சலுக்கு. இரைச்சலில் ஒழுங்கு கிடையாது என்பதால் ஃபிளாக்காலும் (ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் வடிவம்) அதைச் சுருக்க முடியாது. 24/96ஐ அப்படியே ஃபிளாக் ஆக்கியவர்கள் "பெரிசா ஒண்ணும் குறையலையே" என்று கேட்பது இதனால்தான்.

ஆகவே 16/44.1க்கு இறக்கி, பிறகு ஃபிளாக். சுத்தமான ஸ்டூடியோப் பதிவு பாதியாகும். கேசட்டில் 'ஸ்ஸ்' இருப்பதால் 60, 65 சதவீதத்தில் நிற்கும். 300 மணியும் 120 ஜிபி பக்கம் அடங்கும். இதுதான் மூலப் பிரதி. போனுக்கும் காருக்கும் இதிலிருந்து தனித்தனியாகப் பிரதி எடுப்பது. பிரதியை எப்போது வேண்டுமானாலும் அழித்துவிட்டு வேறு அளவில் மறுபடி எடுக்கலாம். மூலம் போனால் போனதுதான்.

பாகூர்_ஏரி — 4 பிப்ரவரி, காலை 7:05

பதிவின் லெவல் ரொம்பக் குறைவா இருந்தா? சில கேசட் டெக்கில் அவுட்புட் சன்னமா வரும். உச்சமே மைனஸ் 30 டெசிபல்ல நின்னா, 16 பிட்டுக்கு இறக்கும்போது 5 பிட் சும்மா கிடக்கும்.

நெல்லித்தோப்பு — 4 பிப்ரவரி, காலை 8:20

சரியான கேள்வி. வரிசைதான் முக்கியம். 24 பிட்டிலேயே லெவலைத் தூக்கி, உச்சத்தை மைனஸ் 1 டெசிபலுக்குக் கொண்டுவந்துவிட்டு, கடைசியாக 16க்கு இறக்கணும். ஆடாசிட்டி (ஒலி திருத்தும் மென்பொருள்) உள்ளே 32 பிட் ஃப்ளோட்டில் வேலை செய்வதால் நடுவில் எதுவும் கெடாது. வெட்டு, ஹம் (மின்சார உறுமல்) எடுப்பது, லெவல் எல்லாம் முடித்து, எக்ஸ்போர்ட் செய்யும்போது மட்டும் 16 பிட் ஃபிளாக் என்று கொடுங்கள். டிதர் (பிட் இறக்கும்போது சேர்க்கும் மெல்லிய இரைச்சல்) இருக்கட்டும், கேசட் இரைச்சலே அந்த வேலையைப் பாதி செய்துவிடும், ஆனாலும் அணைக்கத் தேவையில்லை.

ஃபிளாக்கின் லெவல் 0 முதல் 8 வரை. எதை வைத்தாலும் ஒலி ஒன்றுதான், நேரம்தான் மாறும். 5க்கும் 8க்கும் அளவில் உள்ள வித்தியாசம் மிகச் சிறிது. 5 போதும்.

வேவை அழிக்கும் முன் சோதனை ஓட்டுங்கள். ஃபிளாக் தனக்குள் ஒரு செக்சம் (சரிபார்ப்பு எண்) வைத்திருக்கிறது. ஃபூபார்2000 என்ற பிளேயரில் மொத்த ஃபோல்டரையும் தேர்ந்தெடுத்து இன்டெக்ரிட்டி சோதனை ஓட்டினால், உடைந்த ஃபைல் இருந்தால் காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று: 24/96 வேவ் இரண்டு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டினாலே 4 ஜிபி எல்லையைத் தொடும். பழைய பதிவு மென்பொருளில் அந்த இடத்தில் ஃபைல் அறுந்திருக்கும், அல்லது நேரம் தப்பாகக் காட்டும். நீளமான கச்சேரிகளின் கடைசி ஐந்து நிமிடத்தைத் திறந்து பாருங்கள்.

வில்லியனூர்_வீதி — 4 பிப்ரவரி, இரவு 8:50

128 வித்தியாசம் தெரியாதுன்னு சொல்றவங்க பெரும்பாலும் குரல் பாட்டைக் கேட்டுட்டுச் சொல்றாங்க. நம்ம மேளத்துக்கு அது பொருந்தாது. மூணு இடத்தில் காதை வையுங்க.

தாளம். நாதஸ்வரத்தோட கைத்தாளம் நிறுத்தாம ஒலிச்சுக்கிட்டே இருக்கும். 128இல் அந்த ஓசை 'ச்சீங்' என்று நீளாம, தண்ணிக்குள்ள அடிச்ச மாதிரி குழைஞ்சு சுழலும். சிதம்பரம் நாட்டியாஞ்சலிப் பதிவுகளில் சலங்கைக்கும் இதே கதி.

தவில். வலந்தலையில் கூடு போட்ட விரல் விழுற அடி கத்தி மாதிரி கூர்மையானது. குறைஞ்ச பிட்ரேட்டில் அடிக்கு முன்னாடியே ஒரு மெல்லிய 'ஃப்' வரும். ஃபரன்ஸ் (வேகமா அடுக்கி வாசிக்கிறது) வேகத்தில் எல்லா அடியும் ஒட்டிக்கும். கடம், கஞ்சிரா இதைவிட மோசம்.

சுருதி. ஒத்தும் தம்புராவும் சீரா நிக்கணும். ஜீவா ஓசை (தம்புராத் தந்தியோட ரீங்காரம்) துடிச்சுத் துடிச்சு அமுங்கினா பிட் போதலைன்னு அர்த்தம்.

நல்ல ஹெட்போன்ல ரெண்டு தனியாவர்த்தனம் கேட்டா போதும், 128 பத்தின பேச்சு முடிஞ்சிடும்.

நெல்லித்தோப்பு — 5 பிப்ரவரி, காலை 6:40

வில்லியனூர் சொன்ன அந்த 'ஃப்'க்குக் காரணம் சொல்கிறேன், ஏனென்றால் செட்டிங் தேர்வு அதில்தான் இருக்கிறது.

எம்பி3 ஒலியை 1152 சாம்பிள் கொண்ட துண்டுகளாக வெட்டுகிறது, 44.1இல் ஒரு துண்டு 26 மில்லிசெகண்ட். துண்டுக்குள் எங்கே அடி விழுந்தாலும் சுருக்குவதற்காகக் கழித்ததன் பிழை அந்தப் பரப்பு முழுக்கப் பரவும். அடிக்குப் பின்னால் வரும் பிழையை அடியே மறைத்துவிடும். முன்னால் வருவதைக் காது சில மில்லிசெகண்டுக்குத்தான் மன்னிக்கும். அதற்காக என்கோடர் (சுருக்கும் மென்பொருள்) அடி வரும் இடத்தில் சின்னத் துண்டுக்கு மாறுகிறது, 4 மில்லிசெகண்ட் சொச்சம். ஆனால் சின்னத் துண்டுக்குப் பிட் அதிகம் வேண்டும். சிபிஆர் (மாறாத பிட்ரேட்) 128இல் ஒவ்வொரு துண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே படி அளந்து போடுவதால் தனியாவர்த்தனத்தில் பிட் பற்றாது, ஆலாபனையில் மீந்துபோகும்.

விபிஆர் (தேவைக்கேற்ப மாறும் பிட்ரேட்) இதைச் சரிக்கட்டுகிறது. லேம் என்கோடரில் வி0 முதல் வி9 வரை. எண் கூடக் கூட அளவு குறையும். சராசரிகள் தோராயமாக: வி0 245, வி2 190, வி4 165, வி5 130. அதே 130 சராசரி, ஆனால் வி5இல் தவில் விழும் இடத்துக்கு 200க்கு மேலும் போகும், மெதுவான ராகத்தில் 100க்கும் இறங்கும். "128 போதும்" என்பவர் 128 சிபிஆரை விட்டுவிட்டு வி5 போட்டாலே தரம் ஏறும், அளவு ஏறாது. மேளத்துக்கு நான் வி2ஐ விடக் குறைந்த தரத்துக்குப் போகச் சொல்ல மாட்டேன்.

320 சிபிஆர் வீண். வி0க்கும் அதற்கும் வித்தியாசம் கேட்டுச் சொல்பவர் அரிது. இடம் மட்டும் கால் பங்குக்கு மேல் கூடுதல்.

தேங்காய்த்திட்டு_7 — 5 பிப்ரவரி, மதியம் 1:30

ஜாயின்ட் ஸ்டீரியோவை அணைச்சிட்டு முழு ஸ்டீரியோ வைங்க. ஜாயின்ட் போட்டா ரெண்டு சானலும் கலந்து அகலம் போயிடும்.

நெல்லித்தோப்பு — 5 பிப்ரவரி, மாலை 6:10

இல்லை, அணைக்கக் கூடாது. லேமின் ஜாயின்ட் ஸ்டீரியோ, இடம் வலத்தை 'கூட்டல்', 'வித்தியாசம்' என்று இரண்டாக எழுதிக்கொள்கிறது. திரும்பக் கணக்குப் போட்டால் இடமும் வலமும் அப்படியே வரும். துண்டுக்குத் துண்டு எது லாபமோ அதைத் தானே தேர்ந்தெடுக்கும். அகலத்தைக் கொல்லும் முறைக்கு இன்டென்சிட்டி ஸ்டீரியோ என்று பெயர், பழைய என்கோடர்கள் குறைந்த பிட்ரேட்டில் பயன்படுத்தியது. லேம் அதைச் செய்வதே இல்லை. கட்டாய ஸ்டீரியோ வைத்தால், இரண்டு சானலிலும் பொதுவாக இருக்கும் நாதஸ்வரத்தை இரண்டு தடவை எழுதிப் பிட்டைத் தீர்த்துவிடும்.

மஞ்சை_மைக்செட் — 5 பிப்ரவரி, இரவு 10:30

அந்தக் கேசட்டெல்லாம் உண்மையிலே ஸ்டீரியோவா? கோயில் கச்சேரி பெரும்பாலும் மைக்செட் ஆம்ப்ளிஃபயர்லேருந்து ஒரே ஒயர் எடுத்துப் பதிஞ்சது. மோனோதான். டெக் ஸ்டீரியோவா இருக்கிறதால ரெண்டு சானல் வருது, அவ்வளவுதான்.

சோதிக்க: ஆடாசிட்டியில ஸ்டீரியோ டிராக்கை ரெண்டாப் பிரிச்சு, ஒண்ணை இன்வர்ட் பண்ணி (அலையைத் தலைகீழாக்கி), ரெண்டையும் மோனோவாக்கிச் சேர்த்து மிக்ஸ் பண்ணுங்க. பாட்டு மறைஞ்சு 'ஸ்ஸ்' மட்டும் மிச்சமானா அது மோனோ. மோனோவா வெச்சா எல்லாமே பாதிக்குப் பக்கம் வரும்.

நெல்லித்தோப்பு — 6 பிப்ரவரி, காலை 7:15

இது பெரிய விஷயம், முதலிலேயே வந்திருக்க வேண்டியது. நல்ல ஸ்டூடியோ மோனோவாக இருந்தால் ஜாயின்ட் ஸ்டீரியோவே 'வித்தியாசம்' பூஜ்யம் என்று கண்டு மிச்சப்படுத்திவிடும். கேசட்டில் அப்படி நடக்காது. இரண்டு சானலின் 'ஸ்ஸ்' வேறு வேறு. என்கோடர் அந்த வித்தியாசத்தையும் இசை என்று நம்பி உட்கார்ந்து எழுதும். ஃபிளாக்கும் அப்படியே. ஆகவே மோனோவாக்கினால் உண்மையாகவே பாதி: 120 ஜிபி மூலம் 60 பக்கம் இறங்கும்.

கலக்கும் முன் ஒரு எச்சரிக்கை. டெக்கின் ஹெட் சாய்வு, அதாவது அசிமத், பதிவு செய்த டெக்கோடு ஒத்துப்போகாவிட்டால் ஒரு சானல் மற்றதை விட நூலிழை முந்தும். சேர்த்தால் மேல் ஸ்தாயி ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். தாளமும் நாதஸ்வரத்தின் கூர்மையும் மங்கும். இன்வர்ட் சோதனையில் குரல் மறைந்தும் தாள ஓசை மட்டும் மிஞ்சினால் அசிமத் தப்பு என்று பொருள். கேசட் இன்னும் கையில் இருந்தால் ஹெட்டுக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட சின்ன ஸ்க்ரூவை மில்லிமீட்டர் கணக்கில் திருப்பி, மோனோவில் கேட்டு, ஓசை எங்கே அதிகப் பளிச்சென்று வருகிறதோ அங்கே நிறுத்தி மறுபடி பதிவு செய்வது உத்தமம். முடியாவிட்டால் கலக்காதீர்கள், இரண்டில் சுத்தமான சானலை மட்டும் எடுங்கள். ஒத்துப்போகும் கேசட்டைக் கலந்தால் 'ஸ்ஸ்' 3 டெசிபல் குறையும், அதுவும் லாபம்.

உப்புக்காற்றில் வைத்த கேசட்டுகளில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டாதீர்கள். ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும்.

முதுநகர்வாசி — 6 பிப்ரவரி, இரவு 9:00

பத்து ஃபைல் சோதிச்சேன். ஒன்பது மோனோ. கேசட் எல்லாம் இருக்கு.

'ஸ்ஸ்' எடுத்துட்டா ஃபைல் இன்னும் சின்னதாகும்ல? நாய்ஸ் ரிடக்‌ஷன் எவ்வளவு போடலாம்?

வில்லியனூர்_வீதி — 6 பிப்ரவரி, இரவு 9:35

அதை ரொம்ப ஜாக்கிரதையாச் செய்யணும். நாய்ஸ் ப்ரொஃபைல் எடுக்கும்போது "பாட்டு இல்லாத இடம்"னு நினைச்சு சுருதி மட்டும் ஓடுற இடத்தைத் தேர்ந்தெடுத்தா, மென்பொருள் சுருதியையே இரைச்சல்னு கத்துக்கும். கச்சேரி முழுக்க ஒத்தும் தம்புராவும் காணாமப் போகும். சுருதி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, டேப் மட்டும் ஓடுற அந்த ரெண்டு மூணு வினாடிதான் சரி.

நெல்லித்தோப்பு — 7 பிப்ரவரி, காலை 6:50

ஆமாம். அளவு 6 டெசிபலுக்கு மேல் வேண்டாம். 12, 18 என்று போனால் இரைச்சல் போன இடத்தில் கிளிங் கிளிங் என்று உலோகத் துணுக்குகள் மிதக்கும். அதன் மேல் எம்பி3 சுருக்கமும் ஏறினால் இரண்டு கோளாறும் சேர்ந்து கேட்கும். மூலப் பிரதிக்கு நாய்ஸ் ரிடக்‌ஷன் போடவே வேண்டாம், போன் பிரதிக்கு மட்டும் போடுங்கள்.

மூலத்திலேயே செய்யத் தகுந்தது 50 ஹெர்ட்ஸ் ஹம்மை எடுப்பது. 50, 100, 150இல் குறுகிய நாட்ச் (அந்த ஓசையை மட்டும் வெட்டும் வடிகட்டி). அகலமாக வெட்டினால் தவிலின் தொப்பி முழக்கம் மெலியும், அதனால் கியூ மதிப்பை (கூடினால் வெட்டு குறுகும்) 30க்குக் குறையாமல் வையுங்கள். 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஹைபாஸ் போட்டு மோட்டார் உறுமலை எடுக்கலாம், ஆபத்தில்லை.

பாகூர்_ஏரி — 8 பிப்ரவரி, மதியம் 3:20

போனுக்கு எம்பி3 எதுக்கு? ஓபஸ் போடுங்க, எம்பி3 மாதிரியே, ஆனா புதுச் சுருக்க வடிவம். 2012இல் தரமாக அறிவிச்சது, காசு கிடையாது, ஆண்ட்ராய்டில் விஎல்சி ஓட்டும். ஸ்டீரியோ 96இல் வர்ற தரத்துக்கு எம்பி3 160 பக்கம் போகணும். 128இல் மூலத்தையும் அதையும் பிரிச்சுச் சொல்றது கஷ்டம்.

மோனோ மேளத்துக்கு 64 வைங்க. மணிக்கு 28.8 மெகாபைட், 300 மணியும் 9 ஜிபிக்குள்ள.

ஃபைல் விவரத்தில 48 கிலோஹெர்ட்ஸ்னு காட்டும், பயப்படாதீங்க. ஓபஸ் எல்லாத்தையும் 48இல்தான் வெச்சுக்கும்.

வில்லியனூர்_வீதி — 8 பிப்ரவரி, மாலை 5:45

மேளத்துக்கு 64 மோனோ பத்தாது. 80 இல்ல 96 வைங்க. ஓபஸ் அடியைக் கூர்மையா வெச்சுக்கும், அதில குறையில்லை. நீண்டு நிக்கிற சுருதியிலதான் குறைஞ்ச பிட்ரேட்டில் திணறும், லேசாக் கரகரக்கும். மேல்நாட்டுப் பாட்டை வெச்சுச் சோதிச்ச எண்ணை அப்படியே தம்புராவுக்குப் போடக் கூடாது.

பாகூர்_ஏரி — 8 பிப்ரவரி, இரவு 7:00

80க்கு ஒத்துக்கறேன். 36 மெகாபைட் மணிக்கு, 10.8 ஜிபி மொத்தம். சொற்பொழிவுக்கு மட்டும் 32 மோனோ, மணிக்கு 14.4. பேச்சுக்கு அதுவே தாராளம். அதிலே பாட்டும் பாடிக் கதை சொல்றவங்கன்னா 48.

தேங்காய்த்திட்டு_7 — 9 பிப்ரவரி, காலை 11:15

அந்த 2500 சினிமாப் பாட்டைப் பத்தி யாரும் பேசலையே. சண்டே மார்க்கெட்ல விக்கிற பென் டிரைவ்லேருந்து வந்ததுன்னா பாதி போலி 320. 128ஐ எடுத்து 320ஆ மாத்தி வெச்சிருப்பாங்க. ஸ்பெக்ட்ரோகிராம்ல (எந்த ஹெர்ட்ஸ் வரை ஓசை இருக்குன்னு காட்டற படம்) 16 கிலோஹெர்ட்ஸ்ல கத்தியால வெட்டின மாதிரி நின்னா போலி.

நெல்லித்தோப்பு — 9 பிப்ரவரி, மாலை 4:30

சோதிப்பது நல்லது, ஸ்பெக் என்ற சின்ன மென்பொருள் ஒரு நொடியில் படம் காட்டும். நெல்லிக்குப்பத்துக் கரும்பை ஆலையில் பிழிந்தபின் சக்கையில் தண்ணீர் ஊற்றி அளவைக் கூட்டுவது மாதிரி, 128ஐ 320 ஆக்குவதில் கூடுவது கனம் மட்டும். அப்படிப்பட்ட ஃபைலை வி5க்கு இறக்கினால் இழப்பதற்கு அதில் அதிகம் ஒன்றும் இல்லை. ஆனால் நல்ல பிரதி கிடைத்தால் மாற்றிவிடுவதே வழி.

16இல் நிற்பதெல்லாம் போலி என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. 70களின் பாட்டு பல, மூல டேப்பிலேயே அந்த உயரத்துக்கு மேல் மங்கலாகத்தான் இருக்கும். எஃப்எம் ஒலிபரப்பு 15 கிலோஹெர்ட்ஸோடு முடிகிறது, ஏனென்றால் 19இல் ஸ்டீரியோ பைலட் சிக்னல் ஓடுகிறது. புதுச்சேரி வானொலியின் எஃப்எம்மில் பிடித்த நிகழ்ச்சி 15இல் நிற்பது நியாயம். பார்க்க வேண்டியது விளிம்பை. இயற்கையாக மங்குவது சாய்ந்து இறங்கும். எம்பி3 வெட்டு பாட்டு முழுக்க ஒரே உயரத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி நிற்கும்.

முதுநகர்வாசி — 9 பிப்ரவரி, இரவு 10:05

உண்மையான 320ஆ இருந்தா? அதை ஓபஸ் ஆக்கலாமா? சுருக்கினதைச் சுருக்கக் கூடாதுன்னு சொல்றாங்களே.

நெல்லித்தோப்பு — 10 பிப்ரவரி, காலை 7:00

கூடாது என்பது மூலத்துக்கான விதி. 320ஐ அழித்துவிட்டு ஓபஸை மட்டும் வைத்துக்கொண்டால், நாளை வேறு வடிவம் வேண்டும்போது மூன்றாவது தடவை சுருக்க வேண்டி வரும். ஒவ்வொரு தடவையும் பிழை மேல் பிழை ஏறும். 320 டிஸ்கில் இருக்கட்டும், அதிலிருந்து போனுக்கு ஒரு பிரதி எடுப்பதில் தப்பே இல்லை. 320இல் இழப்பு மிகக் குறைவு; அதிலிருந்து ஓபஸ் 112 எடுத்தால், சிடியிலிருந்து நேரே எடுத்ததற்கும் இதற்கும் வேறுபாடு கண்டுபிடிப்பது கஷ்டம். 128 எம்பி3யிலிருந்து ஓபஸ் 96 எடுப்பதுதான் வலிக்கும். அதை அப்படியே விட்டுவிடுங்கள், ஏற்கெனவே சின்னதுதான்.

ஐந்து நிமிடப் பாட்டு 320இல் 12 மெகாபைட், 112இல் 4.2. 2500க்கு 30 ஜிபி, 10.5 ஜிபி. மேளத்தின் 10.8ஐயும் சேர்த்தால் போனில் 21 சொச்சம். 40இல் பாதி காலி.

ஒரு துளியும் இழக்காமல் எம்பி3யைக் குறைக்கவும் ஒரு வழி இருக்கிறது. எம்பி3பேக்கர், 320 சிபிஆரின் உள்ளே வெறுமனே நிரப்பி வைத்த பிட்டுகளை எடுத்துவிட்டு விபிஆராகக் கட்டும். ஒலி பிட்டுக்குப் பிட்டு அதே. அமைதியான பாட்டில் நல்ல லாபம், ஓங்கி ஒலிக்கும் புதுப் பாட்டில் சொற்பம்.

மஞ்சை_மைக்செட் — 10 பிப்ரவரி, இரவு 9:20

பாட்டை விட்டுட்டுப் படத்தைப் பாருங்க. சில ஃபைலுக்குள்ள ஆல்பம் படம் 3000க்கு 3000 பிக்ஸல், ஒண்ணரை ரெண்டு மெகாபைட்டுக்கு உட்கார்ந்திருக்கும். 2500 பாட்டில் ஒண்ணரைன்னு வெச்சாலே 3.75 ஜிபி, சத்தமே இல்லாத இடம். எம்பி3டேக்ல (பாட்டு விவரம் திருத்துற மென்பொருள்) மொத்தமாத் தேர்ந்தெடுத்து 500க்கு 500 ஜேபெக்கா மாத்துங்க, இல்ல தூக்கிடுங்க. பெரிய படம் இருந்தா சில கார் ஸ்டீரியோ பாட்டு ஆரம்பிக்க நேரம் எடுக்கும், சிலது அந்தப் பாட்டையே தாண்டிப் போயிடும்.

காருக்கு ஓபஸ் போட்டு ஏமாறாதீங்க. பழைய ஸ்டீரியோ எம்பி3யும் டபிள்யூஎம்ஏவும்தான் படிக்கும். எம்பி3 வி4 போதும், இன்ஜின் சத்தத்தில் வி0 வீண். பென் டிரைவ் எஃப்ஏடி32 ஃபார்மட்டா இருக்கணும். 32 ஜிபி அப்படியே வரும். 64 வாங்கினா எக்ஸ்ஃபேட்டா வரும், பல ஸ்டீரியோ அதை "யூஎஸ்பி இல்லை"ன்னு சொல்லும்.

பாகூர்_ஏரி — 11 பிப்ரவரி, காலை 8:40

ப்ளூடூத்ல கேட்டா எல்லாமே இன்னொரு தடவை சுருங்குது, அதையும் சேர்த்துக்கோங்க. சாதாரண எஸ்பிசி கோடெக் நல்ல செட்டிங்ல 328 கேபிபிஎஸ், பெரும்பாலும் அதுக்கு மேல போகாது. போன்ல ஃபிளாக் வெச்சு ப்ளூடூத்ல கேக்கறதுக்கும் ஓபஸ் 128 வெச்சுக் கேக்கறதுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

தேங்காய்த்திட்டு_7 — 15 பிப்ரவரி, இரவு 8:15

"கண்டுபிடிக்க முடியாது", "கத்தி மாதிரி தெரியும்" எல்லாம் சொல்றீங்க. எப்படி நம்பறது?

வில்லியனூர்_வீதி — 15 பிப்ரவரி, இரவு 9:50

ஏபிஎக்ஸ். ஃபூபார்2000க்கு அந்த இணைப்பு இலவசம். மூலமும் சுருக்கினதும் ரெண்டையும் ஏ, பின்னு வெச்சு, எக்ஸ் எதுன்னு கண்ணை மறைச்சுக் கேட்கும். 16 தடவை ஓட்டுங்க. 12 சரியாச் சொன்னா, குருட்டாம்போக்கில் அது நடக்க 4 சதவீத வாய்ப்புக்கும் குறைவு. அப்போ உங்க காதுக்குத் தெரியுதுன்னு எடுத்துக்கலாம். எத்தனை தடவைன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டு ஆரம்பிக்கணும், நடுவில் "போதும்"னு நிறுத்தினா கணக்கு செல்லாது.

ரெண்டோட லெவலும் ஒண்ணா இருக்கணும். அரை டெசிபல் கூடுதலா இருக்கிறதே "தெளிவா இருக்கு"ன்னு தோணும். ரீப்ளேகெய்ன் போட்டுச் சமப்படுத்துங்க. பாட்டு முழுசும் வேணாம். பத்து வினாடி, தாளமும் தவிலும் சேர்ந்து வர்ற இடம்.

முதுநகர் உங்க கேசட்டையே வெச்சு ஓட்டிப் பாருங்க. வேற யார் எண்ணும் வேணாம்.

முதுநகர்வாசி — 22 பிப்ரவரி, இரவு 10:30

மல்லாரி (சாமி புறப்பாட்டில் முதல்ல வாசிக்கிறது) ஒண்ணு எடுத்து ஓட்டினேன். மோனோ எம்பி3 64: 16க்கு 16. ஓபஸ் 64: 13. ஓபஸ் 80: 9. போனுக்கு 80தான்.

புதுச் சிக்கல். வி4 போட்ட சில சினிமாப் பாட்டில் உச்சத்தில் 'பட் பட்'னு உடையுது. 320இல் இல்லை.

நெல்லித்தோப்பு — 23 பிப்ரவரி, காலை 6:55

அது சுருக்கத்தின் குறை இல்லை, லெவல். புதுப் பாட்டுகள் 0 டெசிபல் கூரை வரை தூக்கி வைத்தவை. சுருக்கும்போது அலை வடிவம் கொஞ்சம் மாறும், சில உச்சங்கள் கூரையைத் தாண்டும், திரும்ப விரிக்கும்போது வெட்டுப்படும். பிட்ரேட் குறையக் குறைய தாண்டல் கூடும். சுருக்கும் முன் ஒன்று ஒன்றரை டெசிபல் இறக்கினால் தீரும். ஏற்கெனவே எடுத்த எம்பி3க்கு எம்பி3கெய்ன் போடுங்கள். மறுபடி சுருக்காமல் ஒவ்வொரு துண்டின் ஒலி எண்ணை மட்டும் 1.5 டெசிபல் படியாக மாற்றும். வேண்டாமென்றால் பழைய நிலைக்குத் திருப்பலாம்.

மஞ்சை_மைக்செட் — 1 மார்ச், மாலை 6:20

மாசி மகம் வருது, வைத்திக்குப்பம் பக்கம் மைக்செட் போடறவங்களுக்காகவும் சொல்லிடறேன். கூம்பு ஸ்பீக்கருக்கு அடியும் கிடையாது, உச்சமும் கிடையாது, நடு ஓசை மட்டும்தான். ஸ்டீரியோ ஃபைலை ஒரே சானல் ஒயர்ல போட்டா பாதிப் பாட்டு காணாமப் போகும். வயலின் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்னு பதிஞ்ச பழைய ஸ்டீரியோல குரலே வராது. மோனோ எம்பி3, 96 சிபிஆர், மணிக்கு 43 மெகாபைட். 8 ஜிபி பென் டிரைவ்ல நாள் கணக்கா ஓடும். இங்கே விபிஆர் வேணாம், மலிவு யூஎஸ்பி போர்டு சிலதுல நேரம் தப்பாக் காட்டும், நடுவில் தாவும்.

தேங்காய்த்திட்டு_7 — 1 மார்ச், இரவு 8:00

விபிஆர் நேரம் தப்பாக் காட்டறது போர்டு தப்பு மட்டும் இல்லை. முதல் துண்டில் இருக்கிற விபிஆர் தலைப்பு, வெட்டி ஒட்டும்போது போயிருக்கும். ஃபூபார்ல "ஃபிக்ஸ் விபிஆர் ஹெடர்" கொடுத்தா பலது சரியாகும்.

முதுநகர்வாசி — 4 மார்ச், இரவு 9:10

கடைசியா ரெண்டு. ஒரு மணி நேர எம்பி3யைக் கீர்த்தனை வாரியா வெட்டணும், மறுபடி சுருக்காம. பழைய ஃபைல்ல தமிழ்ப் பேர் எல்லாம் கிறுக்கலா வருது.

பாகூர்_ஏரி — 4 மார்ச், இரவு 9:45

வெட்ட எம்பி3டைரக்ட்கட். துண்டு எல்லையில மட்டும்தான் வெட்டும், 26 மில்லிசெகண்ட் துல்லியம், அது போதும். கைதட்டல் நடுவில வெட்டுங்க, ராகத்தின் கடைசி ஸ்வரம் அடங்குறதுக்குள்ள வெட்டாதீங்க.

கிறுக்கல் வர்றது டிஸ்கி (TSCII), டேப் (TAB) மாதிரி பழைய எழுத்து முறையில அடிச்ச பேர். யூனிகோட் மாற்றியில போட்டு எடுத்து, ஐடி3 (ஃபைலுக்குள்ள பாட்டு விவரம் எழுதற பகுதி) 2.3, யூடிஎஃப்-16ஆச் சேமிங்க. 2.4 பல கார் ஸ்டீரியோக்கு ஆகாது. யூனிகோடும் கட்டம் கட்டமா வந்தா அந்தக் கருவியில தமிழ் எழுத்துரு இல்லை; ஃபைல் பேரை இங்கிலீஷ் எழுத்துல வைக்கறதைத் தவிர வழியில்லை.

மஞ்சை_மைக்செட் — 5 மார்ச், காலை 7:30

வெட்டினதுக்கு 01, 02ன்னு எண் போட்டுப் பேர் வைங்க. போட்டாலும் ஸ்டீரியோ சிலது எண்ணைப் பார்க்காது, பென் டிரைவ்ல எது முதல்ல எழுதப்பட்டதோ அந்த வரிசையில பாடும். காப்பி பண்ணும்போது எல்லாத்தையும் ஒண்ணாத் தேர்ந்தெடுத்து, 01 மேல வலது கிளிக் பண்ணி இழுங்க. அப்பவும் வரிசை மாறினா பென் டிரைவை ஃபார்மட் பண்ணிட்டு ஒரு ஃபோல்டர், அது முடிஞ்சதும் அடுத்த ஃபோல்டர்னு போடுங்க. மல்லாரி முதல்ல வரும்.